மடவைக்குத் தட்டும் சத்தம்

பொன்னேரியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய எங்கள் வேன், தோணிரேவு ஊரைத் தாண்டியதும் உப்பேரிக்கரை மண்பாதையில் ஊர்ந்துபோக ஆரம்பித்தது. கூரைமேல் கறுப்புக் குழாய்ச் சுருள்கள், உள்ளே நானும் என் தலைவலியும். சித்திரை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது.

வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டுச் சுவரோரம் ஏசியின் வெளி யூனிட்டுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. உப்புக்காற்று தகட்டைத் தின்றிருந்தது. விரலால் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. இந்தக் கரையில் எந்த ஏசியும் இரண்டு கோடை தாங்காது.

"அதான் மேடம் உங்களக் கூப்பிட்டோம்" என்றபடி வெளியே வந்தார் பிலோமினா. நாற்பது வயதிருக்கும். பொன்னேரியில் நர்சாக இருந்தவர், கணவருக்காக வேலையை விட்டவர். கையில் ஒரு ஈரத்துண்டு இருந்தது. அதை அவர் கீழே வைத்து நான் பார்க்கவே இல்லை.

கணவர் ஜோஷ்வா உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். சின்ன வயதில் இதே ஏரியில் மீன் பிடித்தவர். பிறகு மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர். வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். குரல் சன்னம், காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். அதனால் மணிக்கட்டில் ஒரு ஸ்பூனைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார், பிலோமினா ஓடுவார்.

"இவருக்கு வேர்க்காது மேடம். ரூமு எவ்ளோ சூடோ ஒடம்பும் அவ்ளோ சூடு. போன கத்திரியில ஃபிட்ஸ் வந்து பொழச்சதே பெருசு. இந்த வருசம் தாங்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

அவ்வளவுதான் விஷயம். அறை குளிர்ந்தால் அந்த மனிதர் இருப்பார், குளிராவிட்டால் இருக்க மாட்டார். நான் பார்த்த வேலைகளிலேயே இவ்வளவு நேரான வேலை வேறு கிடையாது.

என் பெயர் பானுப்ரியா. மண்ணுக்குள் ஆழமாகத் துளை போட்டு, வளைந்த குழாயை இறக்கி, அதில் தண்ணீரைச் சுற்ற விடுவது என் தொழில். வீட்டின் சூட்டை அந்தத் தண்ணீர் சுமந்துபோய் மண்ணில் விட்டுவிட்டுக் குளிர்ந்து வரும். மார்கழியில் அதே குழாய் சூட்டை எடுத்துக்கொண்டு வரும். வெளியே யூனிட் கிடையாது, உப்புக்காற்றுக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. இதை நான் ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறேன், முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். பிலோமினா விடவில்லை.

"உள்ள இருக்கற தண்ணி வெளிய வரவே வராதா மேடம்?"

"வராதுக்கா. எல்லாப் பக்கமும் மூடியாச்சு. சுத்திக்கிட்டே இருக்கும்."

"பாவம்" என்றார் அவர். தண்ணீருக்குப் பாவம் பார்த்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

ஆரம்பாக்கத்திலிருந்து செங்கல்வராயனின் போர்வெல் வண்டி வந்தது. பெரிய மீசை, பெரிய சத்தம், இறங்கும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு எலுமிச்சம்பழம். எல்லாத் துளையும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. கடைசித் துளை ஜோஷ்வாவின் அறைச் சுவரை ஒட்டி.

கொஞ்ச ஆழத்திலேயே வண்டி உதறியது. மேலே வந்த சேற்றில் கறுப்பு மரத்தூள் இருந்தது. எடுத்து முகர்ந்தேன், தார் வாடை அடித்தது.

பிறகு காற்று வந்தது.

மண்ணுக்கடியிலிருந்து, துளை வழியாக, சன்னமாக, நீளமாக ஒரு காற்று. நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அதில் சேற்று வாடையும் தார் வாடையும் அடித்தன. அவற்றுக்கும் அடியில், காலையில் பல் தேய்க்காத வாயின் வாடை.

செங்கல்வராயன் வண்டியை அணைத்தார். செருப்பைக் கழற்றினார். அவர் செருப்பைக் கழற்றி நான் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னா மேடம் இது?"

"சேத்து வாயு. ஏரிப் பக்கம் சகஜம்."

"சேத்து வாயு எனக்குத் தெரியாதா? இத மூடிட்டுத் தள்ளிப் போட்டுக்கலாம் மேடம்."

தள்ளிப் போட இடமில்லை. ஒரு பக்கம் செப்டிக் டேங்க், மறுபக்கம் அடுத்த வீட்டுச் சுவர். நான் பதில் சொல்லுமுன் சன்னலிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "நேத்தே ஜுரம் ஏறிடுச்சுண்ணா. எங்கயும் தள்ளாதீங்க. இருக்கற எடத்துலயே போட்டுடுங்க."

செங்கல்வராயன் கற்பூரம் கொளுத்திவிட்டு வண்டியை எடுத்தார். காற்று மெல்லக் குறையவில்லை, சட்டென்று நின்றது. குழாயை இறக்கி, சுற்றிலும் கலவை ஊற்றி அடைத்தோம். போகும்போது அவர் என்னிடம் விடைபெறக்கூட இல்லை.

துளைகளின் குழாய்களை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழித்தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து ஒரே இரும்புக் குழாயாக ஜோஷ்வாவின் அறைக்குள் சுவரோரமாக, பக்கத்து இயந்திர அறைக்குக் கொண்டுபோனேன். இயந்திரத்தை ஓடவிட்ட அன்று கத்திரி வெயில் வெளியே காய்ச்சி எடுத்தது. அறை குளிர்ந்தது. ஜோஷ்வாவின் உதடு அசைந்தது, பிலோமினா குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது.

"போர்வை கேக்கறாரு மேடம். கத்திரியில போர்வை கேக்கறாரு!"

சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் இப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முதல் தட்டல் கேட்டது.

டொக்.

டொக் டொக்.

சுவரோரக் குழாயில்தான். "காத்து மாட்டியிருக்குக்கா, எடுத்துடலாம்" என்றேன். புதுக் குழாயில் காற்று மாட்டுவதும் அது தட்டுவதும் எங்கள் தொழிலில் தும்மல் மாதிரி. குழாயின் காற்று வால்வில் ரப்பர் டியூபைச் செருகி ஒரு வாளித் தண்ணீரில் விட்டேன். குமிழிகள் வந்தன. அதே வாய் வாடை. தட்டல் நின்றது, வால்வை மூடினேன்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடி தட்டியது.

மறுபடி எடுத்தேன். மறுபடி தட்டியது. மூடிய குழாய்க்குள் புதுக் காற்று எங்கிருந்து வரும்? எங்கும் கசிவில்லை. எனக்குப் பேய் பயம் கிடையாது, கணக்கு உதைத்தால்தான் பயம். அந்த வாரம் முழுக்க நான் அங்கேயே முன்னறையில் தங்கிவிட்டேன்.

அந்த வீட்டில் சமையலுக்கும் ஜோஷ்வாவைப் புரட்டிப் படுக்கவைக்கவும் உதவியாக இருந்தவர் ரங்கம்மாள். வெளியூர் போயிருந்தவர் மறுநாள்தான் திரும்பினார். ஜோஷ்வாவின் அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் தட்டலைக் கேட்டுத் துடைப்பதை நிறுத்தினார்.

"இன்னா பாப்பா இது?"

"கொழாயில காத்துக்கா" என்றார் பிலோமினா.

"இது காத்து இல்ல." ரங்கம்மாளின் முகம் வெளுத்திருந்தது. "மடவைக்குத் தட்டற மாதிரியே இருக்குது. ஆனா அதுவும் இல்ல."

மடவை மீன் சத்தத்துக்கு மிரளும். வலையை வளைத்துக் கட்டிவிட்டுப் படகுப் பலகையைத் துடுப்பால் தட்டினால் மிரண்டு ஓடி வலையில் விழும். இது எனக்கும் தெரியும். ரங்கம்மாள் சொன்னதுதான் தெரியாது.

"எங்க நைனாவோட அண்ணன், ஆதிநாராயணன்னு பேரு. நான் அப்பக் கைக்கொழந்த. அன்னிக்கு அவரு பாடு."

பாடு என்றால் முறை. இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் பிரித்துக் கொடுத்திருக்கும். ஒருவர் பாட்டில் இன்னொருவர் படகு நுழைந்தால் பஞ்சாயத்துதான்.

"ஒரே பனி. படகு கவுந்து அவரு அடியில மாட்டிக்கினாரு. கவுந்த படகுக்குள்ள கொஞ்சம் காத்து நிக்குமில்ல? அதுல மொகத்த வெச்சிக்கினு உள்ளேர்ந்து பலகையத் தட்டியிருக்காரு. சுத்தி இருந்த படகுங்க எல்லாத்துக்கும் கேட்டுது. மடவைக்குத் தட்டறாருன்னு நெனச்சிக்கினாங்கோ. அவரு பாட்டுல நம்ம எதுக்குப் போவணும்னு இருந்துட்டாங்கோ. உச்சி வரைக்கும் தட்டினாராம். இன்னிக்கு இவனுக்குச் செம மீனுன்னு பொறாமையாகூடப் பேசிக்கினாங்களாம்."

குழாய் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் அவரு துடுப்பு வேற பக்கம் ஒதுங்கிச்சு. துடுப்பு இங்க கெடக்குது, அப்ப அங்க எத வெச்சித் தட்டினான்னு அப்பதான் ஒருத்தனுக்கு ஒறைச்சுது. போய்ப் பாத்தா ஒண்ணும் இல்ல. படகோட சேறு இழுத்துக்கிச்சு. அப்ப இந்த எடமெல்லாம் ஏரி பாப்பா. மண்ணு கொட்டித்தான மனை போட்டாங்கோ."

எனக்குத் தார் வாடை அடித்த மரத்தூள் நினைவு வந்தது. கவிழ்ந்த பலகையை நாங்கள் துளைத்திருக்கிறோம். அதற்குள் நின்றிருந்த காற்றை வெளியே விட்டிருக்கிறோம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ரங்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு மூச்சத் தொறந்து உட்டுட்டீங்கோ" என்றார். வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போனவர் அதன்பின் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

ஜோஷ்வா ஸ்பூனால் கம்பியைத் தட்டினார். பிலோமினா குனிந்து கேட்டார். "கட்டில அந்தக் கொழாய்கிட்டத் தள்ளணுமாம்."

தள்ளினோம். கட்டில் கம்பி குழாயில் இடித்து நின்றது. ஜோஷ்வா கையை மெல்லத் தூக்கித் தட்டினார். டிங்.

குழாய் அடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து ஒற்றையாக, நிதானமாக, ஒரு டொக்.

ஜோஷ்வா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். குனிந்து கேட்டேன். "இத்தினி வருசமா ஒருத்தனும் பதில் தட்டல மேடம். அதான்."

அடுத்த நாட்கள் நிம்மதியாகத்தான் போயின. அவர் தட்டுவார், இவர் பதில் தட்டுவார். இரண்டு பேரும் திண்டாட்டம் தெரிந்தவர்கள், பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். அப்படி நினைத்தது எனக்கே இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. வெயில் அடிக்கும் பகலில், ஃபேன் ஓடும் வீட்டில், எதுவும் பழகிப்போகும்.

பிறகு பிலோமினா ஜோஷ்வாவின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தார்.

"எறங்குது மேடம். நெஞ்சுல சளி இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா எறங்குது." ஜோஷ்வாவின் உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது.

நான் இயந்திர அறையில் நின்றிருந்தேன். அங்கிருந்து சிறு சன்னல் வழியாக ஜோஷ்வாவின் மார்பு தெரியும். கண்ணெதிரே குழாயின் அழுத்தமானி. அதன் முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூடிய குழாயில் முள் அசையக் கூடாது.

முள் ஏறியது. ஜோஷ்வாவின் மார்பு தாழ்ந்தது.

முள் இறங்கியது. மார்பு உயர்ந்தது.

அவர் விட்டதை அது வாங்கிக்கொண்டிருந்தது.

பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தினேன். முள் நின்றது, உதட்டு நீலம் கலைந்தது. ஆனால் மதியத்துக்குள் அறை அடுப்பாகிவிட்டது. ஈரத்துண்டுகள் போட்ட வேகத்தில் காய்ந்தன. ஜோஷ்வாவின் கண் மேலே செருக ஆரம்பித்ததும் பிலோமினா கத்தினார், "போடுங்க மேடம்! போட்டுடுங்க!" போட்டேன். குளிர்ந்தது. உதடு நீலமானது. பிலோமினா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார், வருகிற வழியில் பாதை அடைத்திருக்கிறது என்றார்கள். மஸ்கட்டிலும் இல்லை, மருத்துவமனையிலும் இல்லை, தன் வீட்டில், தன் கட்டிலில் அந்த மனிதருக்குப் போக இடமில்லாமல் போனது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சுவரை ஒட்டிய அந்த ஒரு துளையின் வால்வை மட்டும் மூடிவிட்டால் மற்றத் துளைகள் போதும். குளிரும் இருக்கும், அதுவும் இருக்காது. ஆனால் அந்த வால்வு கலவை தெறித்து இறுகியிருந்தது, திருப்ப இரண்டு பேர் வேண்டும்.

"அஞ்சு நிமிசங்க. இதோ வந்துடறேன்" என்று ஜோஷ்வாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு பிலோமினா என்னோடு பின்பக்கம் வந்தார். குழித்தொட்டிக்குள் இருவரும் இறங்கினோம். தலைக்குமேல் வெயில், காலடியில் புழுக்கம். ஸ்பானரை மாட்டி இருவரும் தொங்கினோம்.

வால்வு கொஞ்சம் அசைந்ததும் தட்டல் தொடங்கியது.

டொக் டொக் டொக் டொக்.

இப்படி அவசரமாக அது தட்டியதே இல்லை. குழாய் அதிர்ந்தது. பிலோமினாவின் முகத்தில் வியர்வையும் கண்ணீரும் வழிந்தன.

"தெரிஞ்சிபோச்சு மேடம் அதுக்கு. மூடறோம்னு தெரிஞ்சிபோச்சு."

"விடாதீங்கக்கா. இழுங்க."

"தட்டட்டும். பாவம்தான். நான் இன்னா பண்ணட்டும், எனக்கு எம்புருசன் வேணும்."

தட்டல் வெறிபிடித்தது. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினோம். பாதி மூடியது. முக்கால் மூடியது. தட்டல் மெதுவாகியது. இடைவெளி விட்டது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

வால்வு முழுதும் மூடியது.

சத்தம் நின்றது.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். தொட்டிச் சுவரில் சாய்ந்து இருவரும் கொஞ்சம் இளைப்பாறினோம். அந்த அமைதி அவ்வளவு நன்றாக இருந்தது.

உள்ளே போனோம்.

ஜோஷ்வாவின் கை குழாயோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் கம்பியில் பெயிண்ட் கொத்துக்கொத்தாக உரிந்திருந்தது. ஸ்பூன் வளைந்திருந்தது. முகம் கருநீலமாக இருந்தது, கண் வாசலைப் பார்த்தபடி திறந்திருந்தது.

குழாய் வழியாக நாங்கள் கேட்டது அதன் தட்டல் இல்லை, அவருடையது.

பிலோமினா அலறவில்லை. நர்ஸ் அல்லவா, மார்பை அழுத்தி வாயோடு வாய் வைத்து ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து அவரைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு நான் சென்னைக்குப் போய்விட்டேன். தூக்கம் போனது, சாப்பாடு போனது. சமையலறையில் யாராவது பாத்திரம் வைத்தால் உடம்பு தூக்கிப்போட்டது. இயந்திரத்தைக் கழற்றி எடுத்து வரும்படி அலுவலகத்தில் சொன்னபோது, வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிலோமினாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

தெருமுனையில் ரங்கம்மாள் வழிமறித்தார். "போவாதீங்க மேடம். சோறு கொண்டுபோய் வாசல்ல வெச்சா எடுக்கறதில்ல. வெளியவே வர்றதில்ல."

வீடு திறந்து கிடந்தது. மின்சாரம் இல்லை. பின்பக்கம் போனேன்.

பிலோமினா குழித்தொட்டிக்குள் மண்டியிட்டிருந்தார். அந்தத் துளையின் குழாயை ரம்பத்தால் அறுத்திருந்தார். அறுத்த வாயில் தன் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மூச்சை இழுத்தார், மறுபடி குனிந்து ஊதினார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"அக்கா."

அவர் நிமிர்ந்தார். அந்த ஒரு நொடியில் மண்ணுக்கடியிலிருந்து தட்டல் கேட்டது. மரத்தை முட்டியால் இடிக்கும் ஒரு தட்டல். அதோடு, சன்னமாக, அவசரமாக, டிங் டிங் என்று இன்னொன்று.

பிலோமினா பாய்ந்து ஊதினார். இரண்டும் அடங்கின.

"ரெண்டு பேருக்கும் குடுக்கணும் மேடம்" என்றார், குரல் காற்றாகத்தான் வந்தது. "எனக்கு ஒரு வாய்தான இருக்குது."

எனக்கு அழுகை வந்தது. மேலே வாருங்கள் அக்கா, போய்விடலாம் என்றேன். அவர் என்னைக் கும்பிட்டார்.

"நீங்க கொஞ்ச நேரம் குடுங்க. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துடறேன்."

ஏறி வீட்டுக்குள் போனார். தட்டல் தொடங்கியது. திறந்து கிடந்த வீட்டின் வழியே வாசலைப் பார்த்தேன், வேன் நிற்பது தெரிந்தது. டிங் டிங் டிங் டிங். முன்பு ஒருமுறை இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவள் நான். என்னால் போக முடியவில்லை. இறங்கி மண்டியிட்டு வாயை வைத்தேன். நான் ஊதவில்லை. அதுவே இழுத்துக்கொண்டது.

அதனால்தான் இதை நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குடிக்கப் போன பிலோமினா இன்னும் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எனக்கும் தொண்டை வறண்டுவிட்டது.

இவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டீர்கள். இறங்கி வாருங்கள். நீங்கள் கொஞ்ச நேரம் கொடுங்கள்.